பொட்டு வைத்த ஃபிரிட்ஜும் சப்போர்ட் இல்லாத கார்டும்

கடந்த இரண்டு மாதமாக எங்கள் வீட்டில் அதிகம் புழங்கிய வார்த்தை எது, சொல்லுங்கள் பார்க்கலாம்.

'கரண்ட் போயிடுச்சு' என்பீர்கள். இல்லை. அதற்கு இரண்டாவது இடம்தான்.

முதலிடம் — 'சப்போர்ட் இல்ல.'

இந்தச் சொல் நம் ஊருக்குள் எப்போது நுழைந்தது? முன்பெல்லாம் 'முடியாது' என்பார்கள். முடியாது என்றால் பரவாயில்லை. ஏன் முடியாது, யார் சொன்னது, உங்க முதலாளியைக் கூப்பிடு என்று சண்டை போடலாம். சப்போர்ட் இல்லை என்றால் யாரோடு சண்டை போடுவது? சொல்கிறவர் மேல் தப்பு இல்லை. பொருள் மேல் தப்பு இல்லை. வாங்கின நம் மேலும் தப்பு இல்லை. வேலை மட்டும் நடக்காது.

இந்தப் பத்தியைத் தொடர்ந்து படிப்பவர்களுக்கு என் சுபாவம் தெரியும். பூட்டிய பூட்டை இழுத்துப் பார்த்துவிட்டு, தெருமுனை வரை போய், திரும்பி வந்து இன்னொரு முறை இழுக்கிற ஆள். கேஸை மூடினேனா என்று பஸ் கிளம்பிய பிறகு நினைத்துக்கொண்டு புதுச்சத்திரம் வரை திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போகிறவள். அப்படிப்பட்டவள் வீட்டுக்குள்ளே ஒரு மெஷின் லேர்னிங் ப்ராஜெக்ட் வந்தால் என்ன ஆகும்?

வந்தது. மருமகள் ரூபத்தில்.

சுகன்யா சிதம்பரத்தில் எம்.இ. கடைசி வருடம் படிக்கிறாள். என் மகனுக்கு ஓசூரில் வேலை. படிப்பு முடிகிற வரை அவள் எங்களோடு கடலூரில் இருந்து பஸ்ஸில் போய் வருகிறாள். வயிற்றில் ஐந்து மாதம்.

அவள் ப்ராஜெக்ட் என்னவென்றால், நெற்பயிரின் இலையை போட்டோ எடுத்துக் காட்டினால் இது என்ன நோய் என்று கம்ப்யூட்டர் சொல்ல வேண்டும். அவளுக்குச் சொந்த ஊர் குமராட்சி. அவள் அப்பா இலையைப் பிடித்துக்கொண்டு நிற்க, என் வீட்டுக்காரர் போட்டோ எடுத்தார். அவர் கல்யாண வீடியோ, போட்டோ ஸ்டூடியோ வைத்திருப்பவர். வீட்டின் கீழ்ப்பகுதிதான் ஸ்டூடியோ. மாப்பிள்ளை பெண்ணுக்கு லைட் வைக்கிற அக்கறையோடு குலைநோய் கண்ட இலைக்கு லைட் வைத்தார். "கொஞ்சம் தலய சாய்ச்சிக்க சொல்லுங்க சம்பந்தி" என்று இலையைப் பார்த்துச் சொன்னதாகக் கேள்வி.

ஆயிரக்கணக்கில் போட்டோ சேர்ந்தது. அடுத்து, அதை எல்லாம் கம்ப்யூட்டருக்குக் காட்டி, இது இந்த நோய், இது அந்த நோய் என்று திரும்பத் திரும்பப் பழக்க வேண்டுமாம். பழக்குவதற்கு என்று ஏற்கெனவே யாரோ எழுதி வைத்த மென்பொருள் இருக்கிறது, அதற்கு ஃப்ரேம்வொர்க் என்று பெயர் என்றாள் சுகன்யா.

"ஃப்ரேம் ஒர்க்கா? நம்ம கடையில இல்லாத ஃப்ரேமா?" என்றார் வீட்டுக்காரர்.

அன்றைக்குச் சிரித்தோம். அதற்குப் பிறகு சிரிக்கச் சந்தர்ப்பம் கிடைக்கவில்லை.

முதல் அடி மொழியிலிருந்து வந்தது. அந்த ஃப்ரேம்வொர்க்குக்குப் பைத்தான் என்கிற கம்ப்யூட்டர் மொழியில் எழுதிக் கொடுத்தால்தான் புரியும். அவளுடைய கைடு ஜாவா என்கிற மொழியில் எழுதச் சொல்கிறார். ஏன்? கல்லூரி லேபில் அதுதான் போட்டிருக்கிறார்கள். லேப் அசிஸ்டென்டிடம் போய்ப் புதிதாக ஒன்று போட்டுத் தரச் சொன்னால், "பாஸ்வேர்டு எங்கிட்ட இல்லம்மா. வெச்சிருந்தவரு டிரான்ஸ்பர் ஆயிட்டாரு" என்கிறார்.

"ஜாவாலயே எழுதிட்டுப் போயேன்" என்றேன் நான். எனக்கு எப்போதும் பிரச்சினை இல்லாத வழிதான் பிடிக்கும்.

"எழுதலாம் அத்த. ஆனா ஃப்ரேம்வொர்க் செய்யற வேலய எல்லாம் நானே ஒன்னு ஒன்னா எழுதணும். இட்லி வேணும்னு கேட்டா நெல்லு நாத்து விடறதுலேந்து ஆரம்பிக்கிற மாதிரி."

சரி, பைத்தானிலேயே எழுது, வீட்டில் வைத்து ஓட்டு என்று முடிவானது. ஸ்டூடியோவில்தான் பெரிய கம்ப்யூட்டர் இருக்கிறதே. வீடியோ எடிட்டிங்குக்காக வாங்கியது. அதற்குள்ளே ஒரு கிராபிக்ஸ் கார்டு இருக்கிறது. செங்கல் அளவு. கம்ப்யூட்டரைப் பழக்குகிற கணக்கை வேகமாகப் போடுவதும் இந்த மாதிரிக் கார்டுதானாம். அந்தக் கார்டைப் பற்றி என் வீட்டுக்காரர் பேசுகிற தோரணையில் சிலர் தங்கள் மகன் அமெரிக்காவில் இருப்பதைப் பற்றிப் பேசுவார்கள்.

சுகன்யா மூடியைத் திறந்து உள்ளே பார்த்தாள். முகம் விழுந்துவிட்டது.

"மாமா, இது வேற கம்பெனி கார்டு."

"வேற கம்பெனின்னா? டூப்ளிகேட்டா?"

"இல்ல மாமா. நல்ல கார்டுதான். நான் யூஸ் பண்ற ஃப்ரேம்வொர்க் இத சப்போர்ட் பண்ணாது."

அவர் என் பக்கம் திரும்பி, "மாவட்டம் பூரா இருக்கிற கல்யாணத்த எல்லாம் இழுத்துப் போட்டு ஓட்டுது. இதுக்கு ஒரு எலய பார்க்கத் தெரியாதாம்" என்றார். அவர் அவமானப்பட்டது கார்டுக்காக. அன்று மதியம் சரியாகச் சாப்பிடக்கூட இல்லை.

எனக்கு ஏன் என்று புரிந்தாக வேண்டும். இல்லாவிட்டால் தூக்கம் வராது. விடாமல் கேட்டுத் தெரிந்துகொண்டதை உங்களுக்கும் சொல்கிறேன்.

உங்கள் வீட்டு மிக்ஸியை நினைத்துக்கொள்ளுங்கள். ஜார் உடைந்துவிட்டது. பக்கத்து வீட்டில் ஒரு ஜார் சும்மா இருக்கிறது. வாங்கி வந்து வைத்தால் உட்காருமா? உட்காராது. அதுவும் மாவரைக்கிற ஜார்தான், இதுவும் மாவரைக்கிற மிக்ஸிதான். ஆனால் அடியில் இருக்கிற பல் வேறே. இந்தக் கார்டுகளும் அப்படித்தான். ஒரு கம்பெனி தன் கார்டில் கணக்குப் போட ஒரு வழி செய்து வைத்திருக்கிறது. இன்னொரு கம்பெனி அதன் கார்டுக்கு இன்னொரு வழி. ஃப்ரேம்வொர்க் எழுதின மகராசன்கள் முதல் கம்பெனியின் பல்லுக்கு மட்டும் ஜார் செய்துவிட்டுப் போய்விட்டார்கள். அவர்கள் வீட்டில் அந்த மிக்ஸிதான் இருந்ததோ என்னவோ.

இதற்கு எம்.இ. எதற்கு? சமையலறையிலேயே தெரிகிற சங்கதி!

சரி, கார்டே இல்லாமல் ஓடாதா? ஓடுமாம். ஆனால் ஊர்வலத் தேர் மாதிரி ஓடும். எல்லாப் போட்டோக்களையும் ஒரு முறை பார்த்து முடிப்பது ஒரு சுற்று. ஒரு சுற்று முடிந்தால்தான் அதுவரை கற்றதை அது பத்திரப்படுத்தும். கார்டு இல்லாமல் ஒரு சுற்று முடிய ஆகிற நேரம், நம் ஊரில் கரண்ட் தொடர்ந்து இருக்கிற நேரத்தை விட ஜாஸ்தி.

புரிகிறதா கொடுமை? ஓடும். பாதிச் சுற்று வரும். கரண்ட் போகும். யு.பி.எஸ். 'கீ... கீ...' என்று கத்தும். நான் மாடியிலிருந்து ஓடி வருவேன். ஓடி வந்து என்ன செய்யப்போகிறேன்? அதன் பக்கத்தில் நின்று கையைப் பிசைவேன். கொஞ்ச நேரத்தில் அதுவும் அணையும். கரண்ட் வந்ததும் மறுபடி முதல் இலையிலிருந்து. இப்படி ஒரு வாரம். அந்தக் கம்ப்யூட்டர் எங்கள் வீட்டில் முதல் பாடத்தைத் தாண்டவே இல்லை.

சரியான கம்பெனி கார்டை வாங்கிவிடலாம் என்று நானும் அவளும் கடலூரில் கடை கடையாக ஏறினோம். கடைக்காரர் ஒருவர், "ரெண்டும் ஒன்னுதாங்க. கேம் ஓடும், படம் ஓடும், வேற என்னா வேணும்?" என்றார். அந்தக் கம்பெனி கார்டு ஒன்றே ஒன்று கண்ணாடி அலமாரியில் தூசி படிந்து கிடந்தது. எனக்கு நிம்மதி. சுகன்யா டப்பாவைத் திருப்பிப் பார்த்தாள். பழைய தலைமுறையாம். அதற்கும் சப்போர்ட் இல்லை.

புதிய தலைமுறைக் கார்டைச் சென்னையிலிருந்து வரவழைக்கலாம் என்றார் அவர். ஆனால் அதற்குக் கரண்ட் கொடுக்கிற ஒயர் எங்கள் கம்ப்யூட்டரில் கிடையாது. அந்த ஒயர் உள்ள பவர் பெட்டி, பெட்டிக்கேற்ற கேபினெட்... ஆவணி முகூர்த்த ஆல்பமெல்லாம் அதே கம்ப்யூட்டரில் காத்துக்கொண்டிருக்கிறது. வீட்டுக்காரர் கேபினெட்டைக் கட்டிப்பிடித்துக்கொள்ளாத குறை.

நீங்கள் கேட்கலாம் — ஒரு ப்ராஜெக்ட்தானே, இந்த முறை இல்லாவிட்டால் அடுத்த முறை?

அந்த 'அடுத்த முறை'தான் எனக்குப் பயம். கல்லூரியில் ப்ராஜெக்டைப் பரிசோதிக்கிற இந்த ரெவ்யூவில் ஏதாவது ரிசல்ட் காட்டியாக வேண்டும். காட்டாவிட்டால் மறுபடி அடுத்த ஜூலையில்தான். அப்போது கையில் குழந்தை இருக்கும். 'குழந்தை கொஞ்சம் நடக்கட்டுமே, அப்புறம் போயேன்' என்று யாராவது சொல்வார்கள். யாராவது என்ன... நானே சொல்வேன். அன்பாகத்தான் சொல்வேன்.

நான் ஒன்பதாவதோடு நின்றவள். புவனகிரியில். யாரும் என்னைப் படிக்காதே என்று சொல்லவில்லை. அம்மாவுக்கு ஆபரேஷன் ஆகியிருந்தது, வீட்டைப் பார்க்க ஆள் இல்லை. 'அடுத்த வருஷம் சேந்துக்கலாம்' என்றுதான் சொன்னார்கள். அன்பாகத்தான் சொன்னார்கள். அந்த அடுத்த வருஷம் இன்னும் வரவில்லை.

அதனால்தான் அந்தக் கார்டு எனக்கு வெறும் கார்டு இல்லை.

இப்படி இருக்கும்போது ஒரு நாள் சுகன்யா கல்லூரியிலிருந்து குதித்துக்கொண்டு வந்தாள். ஐந்து மாதக்காரி குதிக்கலாமா என்று ஓடிப் போய்க் கையைப் பிடித்தேன். சிதம்பரத்தில் ஒரு பிரவுசிங் சென்டர். பையன்கள் கேம் ஆடுகிற இடம். அங்கே ஒரு கம்ப்யூட்டரில் அவளுக்கு வேண்டிய அதே கம்பெனி, அதே தலைமுறை கார்டு இருக்கிறதாம். கல்யாணப் புடவை எடுத்த அன்றுகூட அவள் முகத்தில் இவ்வளவு சந்தோஷம் நான் பார்க்கவில்லை.

சென்டர்காரர் பெயர் சேகர். நாற்பது வயது இருக்கும். நல்ல மனிதர். ஆனால் பள்ளிக்கூடம் விட்டால் பையன்கள் வரிசை. கரண்ட் இருக்கிற நேரத்தில் சீட் காலி கிடையாது. கரண்ட் இல்லாத நேரத்தில் சீட் காலி, கார்டும் தூக்கம். எப்படி ஒரு நாள் முழுக்க ஓட்டுவது?

"ஒன்னு பண்ணுங்க" என்றாராம் சேகர். "ஆயுத பூஜை அன்னிக்கு ஒரு பையனும் வரமாட்டான். காலையிலயே வந்துடுங்க. பூஜை போடறதுக்கு முன்ன ஆரம்பிச்சிட்டா அது பாட்டுக்கு ஓடட்டும்."

ரெவ்யூ, பூஜைக்கு அடுத்த வாரம். சரியாக இருந்தது. எல்லாம் சரியாக இருந்தாலே எனக்குப் பயம் வந்துவிடும்.

பூஜை அன்று காலை. ஸ்டூடியோவில் வீட்டுக்காரர் கேமரா, ஸ்டாண்டு, லைட் எல்லாவற்றுக்கும் சந்தனம் வைத்துக்கொண்டிருந்தார். கம்ப்யூட்டரின் மூடியைக் கழற்றி, அந்தக் கார்டுக்கு எதிரே பக்கத் தகட்டில் தனியாக ஒரு பொட்டு. "வேற கம்பெனியா இருந்தா என்னா... நமக்குச் சோறு போடுதுல்ல" என்றார், யாருக்கோ கேட்கட்டும் என்று.

நானும் சுகன்யாவும் கடலூர் பஸ் ஸ்டாண்டுக்குப் போனோம். பஸ் நிற்கிறது. டிரைவர் இல்லை. எங்கே? பஸ்ஸுக்கு முன்னால் நின்று ஸ்டியரிங்குக்கு வாங்கின மாலை சின்னதாக இருக்கிறது என்று கண்டக்டரோடு விவாதம். வாழைக்கன்றைக் கட்ட வேண்டும். கற்பூரம் காட்ட வேண்டும். சக்கரத்துக்கு எலுமிச்சை. பூசணிக்காய் வாங்கப் போனவர் இன்னும் வரவில்லை. ஒவ்வொன்றாக முடிந்து, எங்களுக்கும் ஒரு கை பொரியைக் கொடுத்துவிட்டு பஸ் கிளம்பியபோது, நான் வாட்சைப் பார்ப்பதையே விட்டுவிட்டேன்.

சிதம்பரத்தில் இறங்கி ஆட்டோ பிடித்துச் சென்டருக்குள் நுழைந்தோம்.

ஊதுபத்தி வாசனை.

கம்ப்யூட்டர்கள் எல்லாம் வரிசையாக நெற்றி நிறையப் பொட்டோடு உட்கார்ந்திருந்தன. கீ போர்டுகளை அடுக்கி அதன் மேல் ஒரு சாமந்தி மாலை. எங்களுக்கு வேண்டிய கம்ப்யூட்டருக்கு, பவர் பட்டன் மேலேயே அழுத்தமாகச் சந்தனம், அதன் நடுவே குங்குமம்.

சேகர் கையில் சுண்டல் தட்டோடு வந்தார். எங்களைப் பார்த்ததும் முகம் மாறிவிட்டது.

"அக்கா... காலையில வாங்கன்னு சொன்னேனே. நல்ல நேரம் முடியப்போவுதுன்னு பூஜைய போட்டுட்டோம்."

"போட்டா என்னா தம்பி? இப்ப ஆன் பண்ணிக்கலாமே."

"பூஜை போட்டு வெச்சத நாளைக்குக் காலையில எடுத்தாதான்க்கா. நடுவுல தொடக்கூடாது. எங்க வீட்டுல ரொம்பப் பார்ப்பாங்க."

வீட்டில் என்றால் அவர் மனைவி மல்லிகா. சென்டருக்குப் பின்னாலேயே வீடு. அந்தம்மா எட்டிப் பார்த்தார். கையில் இன்னும் குங்குமக் கிண்ணம் இருந்தது. "தப்பா நினைச்சிக்காதீங்கக்கா. வருஷத்துல ஒரு நாளுதான அதுங்களுக்கு ரெஸ்ட்டு" என்றார்.

தலைக்கு மேலே ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. எனக்குத் திடீரென்று உறைத்தது. "கரண்ட் இருக்குதா?" என்றேன்.

"காலையிலேந்து போவவே இல்லக்கா" என்றார் சேகர். "லேத்து பட்டற லீவு, ரைஸ்மில்லு லீவு, வெல்டிங் கட லீவு. இன்னிக்கு யாரு கரண்ட்ட இழுக்கப் போறாங்க?"

எனக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. சரியான கம்பெனி கார்டு. சரியான தலைமுறை. அதற்கேற்ற ஒயர். சீட் காலி. கரண்ட் கம்பீரமாக இருக்கிறது. இத்தனையும் ஒன்றாகச் சேர்ந்து வருகிற ஒரே நாள் இதுதான். அந்த ஒரு நாளில்தான் மெஷினைத் தொடக்கூடாது! இதை யாரிடம் போய்ச் சொல்வது? ஃப்ரேம்வொர்க் எழுதினவர்களுக்கு ஆயுத பூஜை தெரியுமா? தெரிந்திருந்தால் அதையும் எழுதியிருப்பார்கள் — 'இந்த நாளில் சப்போர்ட் இல்லை.'

விடவில்லை நான். "பஸ்ஸுக்குப் பூஜை போட்டு, போட்ட கையோட ஓட்டிட்டு வந்தாங்களே. நாங்க அதுல ஏறித்தான வந்தோம்."

"பஸ்ஸு ஓடலன்னா ஜனம் எப்பிடிக்கா ஊருக்குப் போவும்? இது கேம் ஆடற மெஷினு" என்றார் சேகர்.

நியாயமாகத்தான் பேசினார். அதுதான் எரிச்சல்.

சுகன்யா ஹார்டு டிஸ்க் இருக்கிற பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பிறகு மெதுவாக, "பரவால்ல அத்த. போலாம். ஜூலையில பார்த்துக்கலாம்" என்றாள்.

எத்தனை சாதாரணமாகச் சொன்னாள்! நானும் அந்த வயதில் அப்படித்தான் சாதாரணமாகத் தலையாட்டியிருப்பேன்.

"வெயில்ல வந்திருக்கீங்க, தண்ணியாவது குடிச்சிட்டுப் போங்க" என்று மல்லிகா உள்ளே கூப்பிட்டார். போனோம். அவர் ஃபிரிட்ஜைத் திறந்து பாட்டிலை எடுத்தார். கதவைச் சாத்தினார்.

கதவில் பொட்டு. பெரிய சந்தனப் பொட்டு, நடுவில் குங்குமம், கைப்பிடியில் ஒரு முழம் பூ.

ஃபிரிட்ஜ் 'ஙொய்...' என்று ஓடிக்கொண்டிருந்தது.

"ஏம்மா மல்லிகா, இதுக்குப் பூஜை போடலியா?" என்று கேட்டேன்.

"போட்டாச்சேக்கா. முதல் பொட்டே அதுக்குத்தான்."

"ஆஃப் பண்ணலியே?"

"அது எப்பிடிக்கா ஆஃப் பண்றது? பால் கெட்டுடும்ல."

நான் சுகன்யாவைக் காட்டினேன். "எனக்கும் அதே கததாம்மா. இன்னிக்கு ஆஃப் பண்ணி வெச்சா, இவ படிப்பு கெட்டுடும்."

மல்லிகா ஃபிரிட்ஜைப் பார்த்தார். சுகன்யாவைப் பார்த்தார். "எத்தினி மாசம்?" என்றார்.

"அஞ்சு" என்றாள் சுகன்யா.

"மேல படிக்கிறியா?"

"இத முடிச்சாதான்க்கா பேரு பக்கத்துல எம்.இ.ன்னு போட்டுக்க முடியும்."

மல்லிகா சென்டர் பக்கம் நடந்தார். பின்னாலேயே போனோம். சேகர் சுண்டல் வாயோடு, "ஏய், நீதான தொடக்கூடாதுன்ன" என்றார்.

"நீங்க தொடக்கூடாது. நான் தொடலாம். பொட்டு வெச்சவ நானு."

பவர் பட்டன் மேல் இருந்த குங்குமத்தின் நடுவிலேயே கட்டை விரலை வைத்து அழுத்தினார். கம்ப்யூட்டர் கண் விழித்தது. விரலில் ஒட்டியதைத் துடைக்க வேண்டுமே என்று பார்த்தவர், அப்படியே சுகன்யா நெற்றியில் வைத்துவிட்டார். "ரெண்டு பேரும் நல்லா படிங்க" என்றார், கம்ப்யூட்டரையும் சேர்த்து.

உடனே ஓடிவிட்டதா? சப்போர்ட் என்ற சொல் அவ்வளவு லேசில் விடுமா? சுகன்யா கொண்டுவந்ததை எல்லாம் ஏற்றி, ஏதோ ஒரு பதிப்பு இன்னொரு பதிப்போடு ஒத்துப்போகாமல், கழற்றி மறுபடி ஏற்றி... மதியம் சாப்பாடு ஆறிப்போனது. மல்லிகா வந்து வந்து பார்த்துவிட்டு, "மாமியார் மருமவ மாதிரி முறைச்சிக்கிதுங்களா?" என்று கேட்டார். என்னைப் பார்த்துக்கொண்டுதான் கேட்டார்.

கடைசியில் ஓடியது.

எங்கள் வீட்டில் ஒரு சுற்றுகூடத் தாண்டாத பாடம் இங்கே சுற்று சுற்றாகப் போனது. திரையில் ஒரு எண் வரும். அது எவ்வளவு தப்பு செய்கிறது என்பதற்கான எண் என்றாள் சுகன்யா. ஒவ்வொரு சுற்றுக்கும் அது குறைந்தது. எனக்கு இங்கிலீஷ் அவ்வளவாக வராது. ஆனால் எண் குறைவது புரியாதா? சுவிட்ச் போர்டுக்குக் கீழே ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துகொண்டேன். யாராவது பழக்க தோஷத்தில் ஆஃப் பண்ணிவிட்டால்? பல்லி விழுந்தால்? சேகர் விளக்கைப் போட எழுந்தபோது, "எந்த சுவிட்ச்சு தம்பி?" என்று கேட்டுவிட்டுத்தான் கையை வைக்கவிட்டேன்.

கரண்ட் போகவில்லை. விளக்கு வைக்கிற நேரத்துக்கு, போதும் என்று சுகன்யா நிறுத்தினாள். கற்றதை ஹார்டு டிஸ்கில் இறக்கிக்கொண்டாள். பழக்கத்தான் அந்தக் கார்டு வேண்டும், பழகினதைச் சொல்லிக்காட்ட சாதாரண லேப்டாப் போதுமாம். பிள்ளை பெறுவதற்குத்தான் ஆஸ்பத்திரி, வளர்க்க வீடு போதும் என்பது போல.

போன வெள்ளிக்கிழமை ரெவ்யூ. நான் காலையிலிருந்து போனைக் கையில் வைத்துக்கொண்டே சமைத்தேன். சாம்பாரில் உப்பு இரண்டு முறை. வீட்டுக்காரர் மோரை ஊற்றிச் சமாளித்துச் சாப்பிட்டார்.

மதியத்துக்கு மேல் சிதம்பரம் பஸ் ஸ்டாண்டிலிருந்து பேசினாள். பின்னால் ஹாரன் சத்தம்.

"அத்த, முடிஞ்சிது."

"முடிஞ்சிதுன்னா? நல்லபடியா முடிஞ்சிதா, ஒரேயடியா முடிஞ்சிதா?"

"பாஸ் அத்த. எலய காட்டக் காட்டக் கரெக்டா சொல்லிச்சு. ஒரு எலய மட்டும் தப்பா சொல்லிச்சு. அது மாமா நிழல் விழுந்த போட்டோ."

"கைடு ஒன்னும் கேட்கலியா?"

"கேட்டாரு. ஏன் ஜாவால பண்ணலன்னாரு. ஜாவாவுக்கு அதுல சப்போர்ட் இல்ல சார்ன்னேன். நம்ம லேப் மெஷின்ல ஏன் ட்ரெயின் பண்ணலன்னாரு. அதுல இருக்கிற கார்டுக்கும் சப்போர்ட் இல்ல சார்ன்னேன். வெளியேந்து வந்திருந்த எக்ஸாமினரு ஆமாம்னு தலைய ஆட்டுனாரு. அதுக்கு மேல யாரும் ஒன்னும் கேட்கல."

எப்படிக் கேட்பார்கள்? அந்தச் சொல்லோடு யாரால் சண்டை போட முடியும்? இரண்டு மாதம் எங்களை அடித்த தடியை அவள் வாங்கித் தன் கையில் வைத்துக்கொண்டாள்.

அடுத்த செமஸ்டரில் இதையே எல்லாக் கம்பெனி கார்டிலும் ஓடும்படி செய்யச் சொல்லியிருக்கிறாராம் கைடு. அதைக் கேட்டதும் என் வீட்டுக்காரர் கீழே போய் அந்தச் செங்கல் கார்டைத் தூசு தட்ட ஆரம்பித்திருக்கிறார்.

மல்லிகாவுக்குப் போன் போட்டேன். விஷயத்தைச் சொல்ல வாயைத் திறப்பதற்கு முன்னாலேயே கேட்டார்: "என்னாக்கா, பால் தப்பிச்சிதா?"

தப்பித்தது. ஆனாலும் எழுந்து போய் எங்கள் வீட்டு ஃபிரிட்ஜ் கதவை ஒரு முறை இழுத்துப் பார்த்துவிட்டு வந்துதான் இந்த வரியை எழுதுகிறேன்.